மேல் வரிசைப் பல்

தெருவில் பாதிப் பேருடைய தோளளவும் இடுப்பளவும் அந்தத் தையற்காரிக்கு மனப்பாடம். தன் வாய்க்குள் ஒரு பல் சொத்தையாகி வருஷக்கணக்கில் உயிரை வாங்குவதை மட்டும் அவள் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அந்தத் தெருவில் பல் டாக்டரிடம் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் வலி தாங்க முடியாமல் போய்ப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தவர்கள்தான். மற்றவர்களுக்கெல்லாம் கிராம்பு, உப்புத் தண்ணீர், மருந்துக் கடை மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் அழுகை.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. பிடுங்கிவிட்டு வரலாம் என்று ஒருநாள் கிளம்பத்தான் செய்தாள். பெரிய கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அவள் கணவன்தான் தடுத்தான்.

“மேல் வரிசைப் பல்லோட வேரு கண் நரம்போட சேர்ந்தது. பிடுங்கினா பார்வை மங்கிடும். அப்புறம் ஊசியில நூல் கோக்கக்கூட ஆள் தேடணும்.”

தையற்காரிக்கு இதைவிட என்ன பயம் காட்ட வேண்டும்? அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாத்தனாரும் கூடவே ஒத்து ஊதினாள். கல்யாணமாகாத பெண், அதே வீட்டில் இருப்பவள். அண்ணிக்கு உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பவளும் அவள்தான். “வேணாம் அண்ணி, கண்ணுதான் முக்கியம்” என்று கன்னத்தைத் தடவிவிட்டாள். அவளுக்கும் முன்பல் இரண்டு சொத்தையாக இருந்து, எங்கேயோ இலவச முகாமில் சரிசெய்துகொண்டதாகச் சொன்னாள். இப்போது பளிச்சென்று சிரிப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து அண்ணிக்கு ஒரே பூரிப்பு.

போதாக்குறைக்குத் தையல் கடையில் வேறு பெருமையடித்துக்கொண்டாள், என் வீட்டுக்காரருக்கு என் கண் மேல் அவ்வளவு அக்கறை என்று. பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும் அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தன் மேல் பல்லையும் பிடுங்காமலே விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலையில் தையற்காரிக்குக் கன்னம் வீங்கி வாயே திறக்கவில்லை. பொத்தான் அக்கா அவளை வண்டியில் ஏற்றிக் கம்பெனி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனாள். அங்கே பல் டாக்டர் இருக்கிறாராம், வேலை செய்பவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் இலவசமாம், அங்கே வேலை பார்க்கும் தன் அக்கா மகன் சொன்னானாம். இத்தனை வருஷத்தில் கணவன் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அவனைப் பற்றி நல்லபடியாகவே நினைத்துப் பழகிவிட்டாள்.

கணவன் பெயரைச் சொன்னதும் நர்ஸின் முகம் மலர்ந்தது. தெரியாமல் என்ன, அவரும் சம்சாரமும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து பல்லைச் சுத்தம் செய்துகொண்டு போவார்களே என்றாள். சம்சாரத்துக்கு முன்பல்லுக்கு உறை போட்டது இங்கேதானாம். அவருக்குக்கூட மேல் கடவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்களாம். சிரித்தால் கன்னத்தில் குழி விழுமே, அந்தப் பெண்தானே என்றாள்.

முதலில் வேறு எவளோ என்றுதான் நினைத்தாள். கன்னக்குழி என்றதும்தான் நாத்தனார் என்று புரிந்தது. வேறு எவளோவாக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அந்த நாத்தனாருக்குத் தினமும் தலை பின்னிவிட்டதே இவள்தான். கேட்டிருந்தால், நீ போய்ப் பாத்துக்கோடி என்று தானே விட்டுக்கொடுத்திருப்பாள். கேட்காமல் அண்ணனும் தங்கையும் கூடிப் பேசி, அவள் பிழைப்பான கண்ணையே காட்டி அவளை மிரட்டியிருக்கிறார்கள். மேல் பல்லைப் பிடுங்கிக்கொண்ட அவனுக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது! நெஞ்சு கொதித்த கொதிப்பில் பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

“அப்ப நீங்க அவருக்கு யாரும்மா?” என்றாள் நர்ஸ்.

உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று அவன் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள். இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது. அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள். பொத்தான் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தையற்காரி அக்காவின் கையை அழுத்திப் பிடித்துத் தடுத்துவிட்டாள். அவன் வாயாலேயே வரட்டும்.

அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வீங்கிய கன்னத்தைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். டாக்டரும் வெளியே வந்து, சீழ் பிடித்திருக்கிறது, உடனே பார்த்தாக வேண்டும், இவர் உங்களுக்கு என்ன உறவு என்று அவனிடம் கேட்டார்.

பெண்டாட்டி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டாக்டர் பக்கம் திரும்பினான்.

“என் தங்கச்சி சார்.”

தங்கைக்கு இங்கே வைத்தியம் கிடையாது, உடனே வெளியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் கூட்டிப் போவார் அம்மா, சம்சாரத்தை அப்படித் தாங்குகிறவர் உங்களை விட்டுவிடுவாரா என்று தேற்றினாள். அவனும் அவசரமாகக் கையை நீட்டினான்.

அவள் எழுந்து நின்றாள். வாய் திறக்க முடியாத வலியிலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“வேண்டாம்ணா. நான் பாத்துக்கறேன். நீங்க அண்ணியை நல்லா வெச்சுக்கங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் பொத்தான் அக்காவோடு வெளியே நடந்தாள்.