குளிர்கிற வீட்டில் அதிகச் சூடு

"நீ வந்ததுல இருந்துதான் ஃபர்னஸ் இப்படி நின்னு நின்னு போகுது," என்றார் கொர்னீலியஸ் பென்னர், கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

வெர்னா கரண்டியை வைத்துவிட்டாள். ஃபர்னஸ் என்பது பேஸ்மென்ட்டில் எரிவாயு எரித்து வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம். அவள், கல்கரியில் புருஷனை விட்டுவிட்டு, நாற்பத்தோரு வயதில் பெட்டியோடு பிறந்த ஊரான விங்க்லருக்குத் திரும்பி வந்த மகள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

"நான் அதைத் தொட்டதுகூட இல்லப்பா."

"தெர்மோஸ்டாட்டைத் திருகி யாரோ சூட்டைக் கூட்டிக் குறைக்கிறாங்க. அதான் மிஷின் குழம்புது."

"யாரோன்னா யாரு? இந்த வீட்ல இருக்கறதே மூணு பேர். அம்மா அது பக்கமே போகமாட்டாங்க. நேரா என் பேரைச் சொல்லிடுங்களேன்."

அம்மா அகாதா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மைனஸ் முப்பது. கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருந்தது.

"தம்பி மார்லின் சாயங்காலம் ஃபாஸ்பாவுக்கு வர்றான்," என்றார் அப்பா. ஞாயிறு மாலை பன்னும் காப்பியுமாக உட்காரும் அந்த வேளையில்தான் அந்தக் குடும்பத்தில் எந்த முடிவும் எடுக்கப்படும். "மெயின் தெருவுல ஒரு அபார்ட்மென்ட் காலியா இருக்காம். உனக்குப் பேசிடலாம்னு இருக்கேன். புதுக் கட்டடம், சூடெல்லாம் நல்லா வருமாம்."

பெற்ற மகளைக் கிளப்பி விடுவதற்கு இதைவிட அக்கறையான வார்த்தை அகப்படுமா! அக்டோபரில் வந்தாள். ஊரில் யார் விசாரித்தாலும் "பார்க்க வந்திருக்கா" என்பதே அப்பாவின் பதில். அக்டோபரில் பார்க்க வந்தவள் ஜனவரியிலும் பார்த்துக்கொண்டேவா இருக்கிறாள் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஊரின் மரியாதை அப்படி. அவளையும்தான் இருக்கிறாயா, போகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் அறைக் கதவைக் கடக்கும்போதெல்லாம் "சூடு வீணாப் போகுது" என்று இழுத்துச் சாத்திவிட்டுப் போவது மட்டும் அப்பா தவறாமல் செய்கிற காரியம்.

தலைவலி என்று சொல்லி அன்று தேவாலயத்துக்குப் போகாமல் நின்றுகொண்டாள். கார் தெருவைத் தாண்டியதும் டார்ச்சோடு பேஸ்மென்ட்டில் இறங்கினாள். பழி அவள்மேல் விழுந்திருக்கிறது; நிஜமான குற்றவாளியை அவளேதான் பிடித்தாக வேண்டும்.

ஃபில்டரை உருவிப் பார்த்தாள். புத்தம் புதிது. அப்பா ஜெபத்தை மறந்தாலும் ஃபில்டர் மாற்ற மறக்கமாட்டார். சுடர் எரிகிறதா என்று கண்காணிக்கிற சின்னக் கம்பியையும் போன வாரம்தான் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் புகைக் குழாயைப் பார்த்தாள். பனி அடைக்கவில்லை. திரும்பி வந்து ஃபர்னஸ் முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கண்காணிப்புத் துளை வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

நீலச் சுடர் குப்பென்று பிடித்தது. விசிறி சுழன்றது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் சுடர் மட்டும் பொசுக்கென்று அணைந்தது. விசிறி பாட்டுக்குக் குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே சின்ன விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்கியது. நான்கு மினுக்கு, ஒரு நிறுத்தம். மூடியைக் கழற்றினாள். அந்த மினுக்குகளுக்கு அர்த்தம் அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது: அதிகச் சூடு, காற்றோட்டத்தைப் பார்க்கவும்.

வெர்னாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே கோட்டும் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். இந்த மிஷின் என்னடாவென்றால் புழுங்குகிறது என்கிறது! உண்டான சூடு போக வழியில்லாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால், வழியை அடைத்தது யார்? சிரிப்பு அடங்கி அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று பேஸ்மென்ட் படி ஏறினாள்.

ஒவ்வொரு அறையின் தரையிலும் சூடான காற்று வருவதற்கு ஒரு வென்ட் உண்டு. அதன் ஓரத்துத் தாழைத் தள்ளினால் மூடிக்கொள்ளும். மார்லினின் பழைய அறையில் அது மூடியிருந்தது. தையல் அறையிலும் அப்படியே. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் ஆன மறுநாளே அந்த அறை வென்ட்டைச் செருப்பு நுனியால் தள்ளி மூடுவது அப்பாவின் வழக்கம். ஆள் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு? அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அதே கதைதான், ஃபர்னஸும் இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டுதான் வந்தது.

ஆனால் கூடத்து வென்ட்டையும் மூடி, அதன்மேல் கம்பளத்தை இழுத்து விட்டிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதன்மேல்தான் அவள் கையுறையைக் காயப்போட்டாள். துணி துவைக்கிற மூலையிலும் மூடல். அவள் வந்த பிறகு மூடியவை இவை இரண்டும். வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்டாளே, அந்தக் காசை எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா!

கடைசியாகத் தன் அறைக்கு வந்து கட்டிலை இழுத்து நகர்த்தினாள். அங்கே தாழைத் தள்ளியதோடு நிற்கவில்லை. நாலு பக்கமும் சாம்பல் நிற டேப் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் தூசி ஏறிக் கறுத்த பழைய டேப், அவள் கல்யாணத்துக்கு மறுநாள் ஒட்டியது. மூன்று மாதமாக அதற்கு மேலே படுத்துத்தான் அவள் நடுங்கியிருக்கிறாள்.

டேப்பை உரித்து உருண்டையாகச் சுருட்டி எடுத்தாள். தாழை அவள் தொடவில்லை. மூடியவரே திறக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

மாலையில் மேஜை மேல் பன், பாலாடைக்கட்டி, பிளம் ஜாம், ஆறிய சாசேஜ். அப்பா ஜெபம் சொல்லி முடித்ததும் தம்பி மார்லின் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அந்த அபார்ட்மென்ட் நிஜமாவே நல்லா இருக்கு. ரெண்டு ரூமு..."

வெர்னா டேப் உருண்டையை ஜாம் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன கருமம்?" என்றான் அவன்.

"உங்கப்பாவைக் கேளு."

அந்த நேரம் பார்த்துக் கீழே சுடர் அணைகிற டிக் சத்தம் கேட்டது. காலடியில் குளிர்ந்த காற்று வீசியது.

"இப்ப தொட்டது யாருப்பா?" என்றாள் வெர்னா. "பாருங்க, என் ரெண்டு கையும் மேஜை மேலதான் இருக்கு."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மினுக்கு விளக்கைச் சொன்னாள், கூடத்தைச் சொன்னாள், துவைக்கிற மூலையைச் சொன்னாள். "நான் வந்ததுல இருந்துதான் நிக்குதுன்னீங்களே, வாஸ்தவம். நான் வந்ததுல இருந்துதானே ஒண்ணொண்ணா மூடினீங்க!"

அப்பாவின் காது சிவந்தது. "ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு..."

"நான் ஆள் இல்லையா?"

"நீ இருக்கப் போறேன்னு சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே!"

அகாதா மெதுவாகச் சொன்னாள்: "அக்டோபர்லயே நான் சொன்னேங்க, அவ ரூமைத் திறந்து விடுங்கன்னு."

"சொன்னீங்க, சரி," என்று அம்மா பக்கம் திரும்பினாள் வெர்னா. அந்தக் கோபத்துக்கு இப்போது ஆள் வித்தியாசம் தெரியவில்லை. "ஏம்மா திறக்கல? கூடத்துல இருக்கறது உங்க காலுக்கு எட்டுற தூரம்தானே?"

அகாதா எழுந்து கூடத்துக்குப் போனாள். கம்பளத்தை மடக்கி விட்டு, செருப்பு நுனியால் தாழைத் தள்ளினாள். அது கிறீச்சென்று திறந்தது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து சூடு சம்பந்தப்பட்ட எதையும் அவள் தொட்டதில்லை. மார்லின் ஒரு பன்னை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

கொர்னீலியஸ் எழுந்தார். இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்கு நடந்தார். வெர்னாவும் பின்னாலேயே போனாள். செருப்பு நுனிக்கு அந்தத் தாழ் அசையவில்லை. அவ்வளவு வருஷத் துரு. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார். நெம்பினார், மூச்சு வாங்கினார், மறுபடி நெம்பினார். அவள் கை கொடுக்கவில்லை. லேசில் ஆறுகிற கோபமா அது? கடைசியில் தாழ் விட்டுக்கொடுத்தது. தூசி வாசனையோடு இளஞ்சூடான காற்று ஏறி வந்தது.

"அந்த அபார்ட்மென்ட் வேண்டாம்னு மார்லின்கிட்ட சொல்லிடு," என்றார் தரையைப் பார்த்து.

"நான் ஏன் சொல்லணும்? கேட்டது நீங்கதானே."

சிரமப்பட்டு எழுந்தார். வெளியே போகும்போது பழக்க தோஷத்தில் அறைக் கதவை இழுத்தார். பாதியில் கை நின்றது. கதவை மறுபடி தள்ளிச் சுவரோடு சேர்த்து வைத்தார்.

சாப்பாட்டு மேஜையிலிருந்து அவர் குரல் உரக்கவே கேட்டது: "அந்த அபார்ட்மென்ட்டை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு, மார்லின். வெர்னா இங்கதான் இருக்கா."

வெர்னா கோட்டைக் கழற்றாமலே வென்ட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இதைச் சொல்ல அக்டோபரிலிருந்து இவ்வளவு நாளா? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஃபர்னஸ் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அன்று அது நிற்கவில்லை.