புகைக்கூட்டின் மேல் ஒரு சட்டி

என் தங்கச்சி றிஸானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. தில்லையடியில் எங்கள் வீட்டுக் குசினியின் அடுப்புப் புகைதான் காரணம் என்று எல்லா டொக்டர்மாரும் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு டொக்டரையும் உம்மா மாற்றினார்.

றிஸானாவைக் கற்பிட்டியில் கட்டிக்கொடுத்தோம். அங்கே போனதும் இழுப்பு குறைந்துவிட்டது. இப்போது வயிற்றில் ஏழு மாதம். முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான் என்பது எங்களிடத்தில் எழுதாத சட்டம். ஆனால் மச்சான் ஃபாஹிம் ஒரு நிபந்தனை வைத்தார்.

"மாமி, அந்தக் குசினில புகை இரிக்கிற வரைக்கும் நான் றிஸானாவ அனுப்ப மாட்டன். புள்ள வவுத்துக்குள்ளயே இருமும்."

உம்மா உடனே டோஹாவுக்கு எனக்குக் கோல் எடுத்தார். நான் வேலை செய்கிற சுப்பர்மார்க்கட் குளிரறையில், ஐஸ் கோழிகளுக்கு நடுவே நின்றேன். வீட்டிலிருந்து கோல் வந்தாலே யாரோ மௌத் என்று நினைக்கிறவன் நான். உம்மா அழுத அழுகையில் ஜனாஸா அடக்கம் எப்போது என்று கேட்கப் போனேன்.

"என்ட புள்ளைக்கு மாமியார் வீட்டிலயா புள்ள பொறக்கணும் அஹமட்? நான் எப்பிடி இந்த ரோட்டால நடக்கிற?"

"காஸ் அடுப்பு இரிக்கிதானே உம்மா."

காஸ் அடுப்பு இருந்தது. நடு வீட்டில், அலுமாரிக்குப் பக்கத்தில், பூத்தையல் போட்ட துணிக்குக் கீழே. சிலிண்டர் வெடிக்கிறது என்று செய்தியில் சொன்ன காலத்தில் உம்மா சிலிண்டரை முருங்கை மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனார். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. சேவல் அதில் ஏறி நின்றுதான் கூவும். ஆபத்தான சாமான் வெளியே, விறகுப் புகை உள்ளே. உம்மாவின் பாதுகாப்பு ஏற்பாடு அது.

காஸைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று மேசன் அத்தாஉல்லாவைப் பிடித்தேன். அவர் அடுப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே மூடி கட்டி, கூரையைத் துளைத்துப் புகைக்கூடு போட்டார். "தம்பி, புகை ரொக்கெட் மாதிரி போகும், பாருங்க," என்று குரல் செய்தி அனுப்பினார். போனது. வீடியோ கோலில் பார்த்தேன். சுவரைக் கழுவியிருந்தார்கள். எங்கள் குசினிச் சுவர் பச்சை நிறம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உம்மாவுக்கும் அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறன். நல்லமெண்டா ஞாயிறு கொண்டாறன்," என்றார் ஃபாஹிம் மச்சான். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அடுத்த தடவை கோல் எடுத்தபோது திரை முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் உம்மாவின் மூக்குத்தி மட்டும் மின்னியது.

"உம்மா, என்ன ஒண்டும் தெரியல்ல?"

"ஃபோன் கண்ணாடில அழுக்கு மகன்."

மறுநாளும் அதேதான்.

"நெட் சரியில்ல மகன்," என்றார் உம்மா. சொல்லி முடிக்க முன் நெடுநேரம் இருமினார்.

"நெட் சரியில்லாட்டி இருமல் வருமா உம்மா?"

கோல் துண்டிக்கப்பட்டது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஜெமீலா மாமி எனக்குக் கோல் எடுத்தார். வழக்கமாக எடுக்காதவர். எனக்கு மறுபடியும் ஜனாஸா நினைவு.

"மகன், உங்கட உம்மாக்கு எங்களோட என்ன கோவம்?"

"கோவமா? ஒண்டுமில்லையே மாமி."

"அப்ப என்னத்துக்கு அந்தப் புதுக் குழாய்க்கு மேல சட்டியக் கவுத்து வெச்சிரிக்கி? தேங்கா பறிக்கிற கொக்கத்தடியால தூக்கி வெச்சத நான் என்ட கண்ணால கண்டன். கேட்டா, மழைத் தண்ணி உழுமாம். புத்தளத்தில, இந்தக் காஞ்ச கச்சான் காத்தில, எங்க மகன் மழை?"

எனக்குக் குளிரறையிலும் வியர்த்தது. விடிந்தால் வெள்ளி. உடனே உம்மாவைப் பிடித்தேன். முதலில் மழை என்றார். பிறகு பூனை என்றார். கடைசியில் உண்மை வந்தது.

புகைக்கூடு போட்ட முதல் நாள் மாட்டிறைச்சிக் கறி. புகையோடு மணமும் ஏறிப்போய், கச்சான் காற்றில் ரோட்டு முழுக்க இறங்கிவிட்டது. உம்மா கிணற்றடியில் நின்றபோது தன் கறி தனக்கே மணத்ததாம்.

"மணம் அவங்கட மூக்குக்குப் போனா அதில அவங்களுக்கும் உரிமை இரிக்கி, ஹக்கு இரிக்கி. அயலவங்கட ஹக்கு சும்மா விசயமா? நாளைக்கு மறுமையில ஜெமீலா என்னப் பிடிச்சி, கறி எங்க எண்டு கேட்டா?"

அதனால் ஜெமீலா மாமிக்கு ஒரு கோப்பை. லெய்லா ராத்தாவுக்கு ஒரு கோப்பை. கமீலா வீட்டுக்கு ஒன்று. அப்பால் உள்ள வீடுகளுக்கும் போனது. வீட்டில் மிஞ்சியது சட்டியில் ஒட்டியிருந்த குழம்பு. எங்கள் ரோட்டில் யாரும் வெறும் கோப்பையைத் திருப்பித் தரமாட்டார்கள். வட்டிலப்பமும் பொரித்த மீனுமாய்க் கோப்பைகள் திரும்பி வந்தன. நல்ல சாப்பாடு வாங்கிய இடத்துக்கு அடுத்த நாள் உம்மா கோழி ஆக்கினார். அந்த மணமும் போனது.

"அதுக்குப் பொறகு கருவாடும் சொதியும்தான் ஆக்கினன். அதுவும் மணக்கிது. மகன் டோஹாவில, வீட்டில நாளும் கருவாடு எண்டு கதைக்க மாட்டாங்களா? குடுக்கவும் ஏலா, மறைக்கவும் ஏலா. அதான் சட்டிய வெச்சன்."

"நாளைக்கு மச்சான் வாறாரு உம்மா. புகையக் கண்டா றிஸானா வர மாட்டா."

உம்மா சின்னக் குரலில், "எனக்கும் தெரியும் மகன்," என்றார்.

அத்தாஉல்லாவிடம் கேட்டேன். "இன்னும் ரெண்டு துண்டுக் குழாய் போட்டா மணம் நேரா களப்புக்குப் போயிரும் தம்பி. ஆனா குழாய் வர அடுத்த கிழமையாகும்," என்றார். உம்மாவிடம் சொன்னேன். களப்பில் வலை போடுகிற ஆட்களுக்கும் மூக்கு இருக்கிறதே என்று கவலைப்பட்டார்.

வேறு வழியில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஐஸ் கோழிப் பெட்டியில் உட்கார்ந்து, வீடு வீடாகக் கோல் எடுத்து, எங்கள் குசினி மணத்தின் மேல் உள்ள ஹக்கை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டேன். கூட வேலைசெய்கிற நேபாளக்காரன் என்ன விசயம் என்று கேட்டான். காணித் தகராறு என்றேன்.

லெய்லா ராத்தா உடனே சம்மதித்தார். "எனக்கு பிரஷர் தம்பி. உங்கட உம்மாட கறில உப்பு கூட. மணம் மட்டும் போதும்." கமீலா சிரித்துக்கொண்டே விட்டுத் தந்தாள். மற்ற வீடுகளும் தந்தன. ஜெமீலா மாமி மட்டும் யோசித்தார்.

"கறி, மீன், கருவாடு, பருப்பு எல்லாத்தையும் விட்டுத் தாறன். பிரியாணிய விட மாட்டன்."

"மாமி, நாளைக்கு மச்சானுக்குப் பிரியாணிதான்."

"அப்ப நாளைக்கு எனக்கு ஒரு கோப்பை."

"மத்த வீட்டாக்கள்?"

"அவங்கதான் விட்டுட்டாங்களே. வாய் இரிக்கிறவ பொழைப்பா."

இதை உம்மாவிடம் சொன்னால் புதுப் பிரச்சினை. "ஹக்க ஃபோன்ல விட்டா செல்லுமா? முகத்தப் பாத்து வாயால சொல்லணும்."

ஆகவே வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வேலிக்கு வந்து, உம்மாவின் முகத்தைப் பார்த்து, வாயால் சொன்னார்கள். ஜெமீலா மாமி பிரியாணியை ஒதுக்கிவிட்டுச் சொன்னார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொக்கத்தடியை எடுத்தார். ஃபோனைக் கிணற்றுக் கட்டில் சாத்தி வைத்திருந்ததால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

சட்டி அசைந்தது. கழன்றது. கூரையில் உருண்டு வாசலில் விழுந்தது. அதே நேரம் ஃபாஹிம் மச்சானின் மோட்டர்சைக்கிள் வந்து நின்றது. ஜும்ஆவுக்குப் போகிற தும்பைப்பூ வெள்ளைச் சட்டை. காலடியில் கரிச்சட்டி. எதிரே கொக்கத்தடியோடு மாமியார்.

"என்ன மாமி இது?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெமீலா மாமி சொன்னார், "காகம் கொண்டந்து போட்டது தம்பி."

மச்சான் சட்டியைத் தூக்கிப் பார்த்தார். நல்ல பாரம். "இங்கத்தக் காகமெல்லாம் நல்லாச் சாப்பிடுது போல," என்று ஓரமாக வைத்தார்.

பிறகு நேராகக் குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். உம்மா ஃபோனையும் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு விறகு மூட்டினார். பச்சை விறகு, தேங்காய்ப் பொச்சுமட்டை, எல்லாம் வைத்துச் சோதிக்கச் சொன்னார் மச்சான். நான் ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தேன். புகை எழும்பியது, தயங்கியது, மூடிக்குள் நுழைந்து மேலே போனது. பிரியாணி தம் போடும் வரைக்கும் மனுசன் எழும்பவில்லை. பிறகு எழும்பிச் சட்டைக் கையை மோந்து பார்த்தார். கொலரைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"சரி மாமி. ஞாயிறு கொண்டாறன்."

உம்மா முதல் கோப்பையை ஜெமீலா மாமிக்கு அனுப்பினார். மச்சானுக்கு இரண்டாவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை றிஸானா வந்தாள்; நான் வீடியோ கோலில் இருந்தேன். மச்சான் அவளுடைய பேக்கைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. குசினி வாசலில் அப்படியே நின்றார். றிஸானா யார் சொல்லியும் கேட்காமல் சம்பலுக்குக் காய்ந்த கொச்சிக்காய் மிளகாயை வறுக்கத் தொடங்கினாள். அந்தக் குசினியில் அவள் அடுப்புக்கு முன் நின்று நான் பார்த்ததே இல்லை.

ஓர் இருமல் கேட்டது. கனத்த இருமல். தொடர்ந்து இன்னும் இரண்டு.

உம்மா நெஞ்சில் கை வைத்தார். மச்சான் பேக்கைத் தோளில் போட்டார். டோஹாவில் நான் எழும்பி நின்றேன். றிஸானா அகப்பையோடு திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"நான் இருமல்ல," என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் இன்னும் நிற்கவில்லை. நடுவே ஜெமீலா மாமியின் குரல் வந்தது.

"மச்சி, கொச்சிக்காட ஹக்கையும் நான் விட்டுட்டன், அடுப்பால சட்டிய இறக்கு புள்ள."

மச்சான் பேக்கைக் கொண்டுபோய் றிஸானாவின் அறையில் வைத்தார்.