முந்நூற்றுப் பன்னிரண்டு ஆமாம்

அந்த அலுவலகத்தில் புது மெஷின் ஒன்று வேண்டுமென்றால் முன்பெல்லாம் இரண்டு நாள் ஆகும். மெஷின் என்றால் மேஜைமேல் வைக்கிற பெட்டி அல்ல. குளிர் அறையில் நிற்கும் பதினோரு சர்வர்களுக்குள் மென்பொருளாலேயே பிரித்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர். அதற்கும் படிவம், கையெழுத்து, காலியாக உள்ள நெட்வொர்க் முகவரியை நோட்டுப்புத்தகத்தில் தேடுவது, முப்பது இடத்தில் டிக் அடிப்பது... அப்பப்பா! சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மேடத்துக்கு அதிலேயே பாதி ஆயுசு போயிற்று.

கடைசியில் பொறுக்க முடியாமல் வரிந்துகட்டிக்கொண்டு, இத்தனையையும் தானாகச் செய்து முடிக்கிற சின்ன நிரல் ஒன்றை, ஸ்கிரிப்டை, எழுத உட்கார்ந்தாள். ஆளுக்கொரு மாதிரி வைத்துக்கொண்டு மாரடிக்காமல், எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி. அமைப்புகள் மண்டைக்குள் இருந்தால் காய்ச்சல் வந்தால் போச்சு; அதனால் எல்லாம் கோப்பில். பேரைப் பார்த்ததும் எந்தப் பிரிவுடையது என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, கெடு தாண்டினால் தானாக அணைந்துவிடும். நினைவகம் அறுபத்துநான்கு ஜி.பி.க்கு மேல் கேட்டால் ஸ்கிரிப்ட் கதவைச் சாத்திவிடும். முதலில் ஒரே ஒரு சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைத்தாள். இரண்டு நாள் வேலை நாலே நிமிஷம் ஆயிற்று.

எல்லாம் சரி. ஆனால் கடைசிப் படி ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். யார் மெஷின் கேட்டாலும் அவள் போனுக்குச் செய்தி வரும்: ஆமாம், வேண்டாம். அவள் ஆமாம் தட்டினால்தான் மெஷின் பிறக்கும்.

காரணம் சைபர். நெட்வொர்க் வேலை பார்க்கிறவருக்கு அலுவலகம் வைத்த பேர் அது. ஸ்கிரிப்ட் வருவதற்கு முன்னால் ஒரு முறை முப்பத்திரண்டு என்று அடிக்க வேண்டிய இடத்தில் சைபர் ஒன்று கூடுதலாக விழ, முந்நூற்றிருபது ஜி.பி.யை ஒரே மெஷின் விழுங்கி, அரை நாள் ஆபீஸே முழி பிதுங்கி நின்றது. அந்த ஆளை நம்பி எதையும் விடுவதாவது!

அக்காவுக்கு இதய வால்வு ஆபரேஷன் வந்தபோது நாலு நாள் லீவு போட்டாள். தாய் இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. "உள்ள கொண்டு போற வரைக்கும் பக்கத்துலயே இருடி, எனக்கு பயமா இருக்கு" என்று அக்கா சொன்னது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குப் பயம் என்ற ஒன்று உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

காலை ஒன்பதரைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். ஒன்பதேகாலுக்குப் போன் அதிர்ந்தது. சைபருக்கு மெஷின் வேண்டுமாம், நாலு. வார்டுக்குள் சிக்னல் சரியில்லை.

"ஒரே நிமிஷம்க்கா."

படிக்கட்டுப் பக்கம் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நினைவகம் சரி, ஆமாம். பேர் சரி, ஆமாம். நாலாவதை இரண்டு தரம் சரிபார்த்துத் தட்டிவிட்டுத் திரும்பினால் கட்டில் காலி. அக்காவின் கணவர் மட்டும் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உன்னைத்தான் கேட்டா. ரெண்டு நிமிஷம் பாத்தாங்கம்மா. அப்புறம் கொண்டு போயிட்டாங்க."

அவள் மூடிய கதவு வரை ஓடினாள். ஓடி என்ன பிரயோஜனம்? அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. சைபருக்குப் போன் போட்டாள்.

"சார், இந்த நாலு மெஷின் இன்னைக்கே வேணுமா?"

"இல்ல மேடம், அடுத்த வாரம் வந்தாப் போதும். முன்கூட்டியே கேட்டு வெச்சேன்." சற்றுத் தயங்கினார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நான் எத்தனை சைபர் போட்டாலும் உங்க ஸ்கிரிப்டே விடாது. அப்புறம் நீங்க தனியா எதுக்குப் பாக்கறீங்கன்னு எனக்குப் புரியல."

அவள் பேச்சை முடித்துவிட்டுப் போனிலேயே ஸ்கிரிப்டின் பதிவேட்டைத் திறந்தாள். ஆறு மாதத்தில் ஆமாம்: முந்நூற்றுப் பன்னிரண்டு. வேண்டாம்: ஒன்றுகூட இல்லை. தப்பானவற்றை எல்லாம் ஸ்கிரிப்டே திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆறு மாதமாக அவள் காவல் காத்தது ஆபீஸை அல்ல, தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்கிற நினைப்பை. அந்தப் படியை அங்கேயே அழித்தாள். இரண்டே வரிதான்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு ஆளை மட்டும் உள்ளே விட்டார்கள். அக்கா கண் திறந்து பார்த்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"நேத்து ஆபீஸ்ல ஏதாவது பெரிய பிரச்சினையாடி?"

ஆமாம் என்று சொன்னால் அக்கா அந்த நொடியே மன்னித்துவிடுவாள். அவளுக்கு அது தெரியும்.

"இல்லக்கா," என்றாள். "ஒண்ணுமே இல்ல."