ரவுண்டானாவில் மாப்பிள்ளை

எங்கள் காரை நான்கு பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு சக்கரம். முன்னால் இடது மைதீனுடையது. முன்னால் வலது ஜெயசிங்குடையது. பின்னால் இடது என்னுடையது. பின்னால் வலது இசக்கிராஜுடையது. ஆல் வீல் டிரைவ் என்பதால் நான்கு பேரும் இழுக்க வேண்டும். இந்த வளைகுடா ஊரில் ஒரே அறையில் இருப்பவர்கள் இப்படித்தான் கார் வாங்குவார்கள்.

அன்று காலை இசக்கிராஜை ஏர்போர்ட்டில் விட வேண்டும். மறுநாள் அவனுக்குச் சுரண்டையில் கல்யாணம்.

வழியில் ஒரே ஒரு ரவுண்டானா. அதில் கார் திரும்ப மறுத்தது.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். யாரோ பிரேக்கை மிதித்ததுபோல வண்டி இறுகியது. பிறகு எகிறியது. அடியில் டக் என்று ஒரு சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தச் சத்தத்தை அதுவரை யூடியூபில் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

"பிரேக்ல காலை வச்சிருக்கியளா அண்ணாச்சி?" என்றான் ஜெயசிங்.

காலைத் தூக்கிக் காட்டினேன். இரண்டையும்.

கார் வளையாததால் ரவுண்டானா விட்டுக்கொடுத்தது. அது பெரிதானது. ஓரத்துப் பேரீச்சை மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கின. ஒரு பேங்க் நகர்ந்து வழிவிட்டது. உள்ளே வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து நகர்ந்தார்கள். ஏர்போர்ட் கோபுரம் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்தது.

ரவுண்டானாவின் நடுவில் ஒரு காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"திரும்ப மாட்டீங்களோ?" என்றார்.

"வண்டி பிடிக்குது."

"போன வாரம் ஒரு லாரியும் இப்படித்தான். அதுக்காகக் கடலையே தள்ளி வச்சேன்."

"இன்னும் எவ்வளவு தள்ளலாம்?"

"ரெண்டு சுத்து. அதுக்கு மேல போனா ஏர்போர்ட் பக்கத்து நாட்டுக்குள்ள போயிரும். அவங்க விசா கேப்பாங்க."

அப்போது இசக்கிராஜின் போன் அடித்தது. கல்யாணப் பெண், ஆவுடைச்செல்வி. அவன் ஸ்பீக்கரில் போட்டான். எங்கள் காரில் எல்லாமே பொது.

"நீங்க கார்கோவுல போட்ட பெட்டி வந்துட்டு."

"சந்தோசம்."

"எங்க அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மணவறையில உக்கார வச்சிருக்காவ."

"பெட்டியையா?"

"மரியாதையா இருக்காம். குறுக்கப் பேசலியாம். நீங்க வராட்டா அதுக்கே மாலையப் போட்டுருவோம்ங்காவ."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்ன சொல்ல? நீங்க போன்ல நல்லாருக்கேன்னு சொல்லிட்டு அப்புறம் பேசவே மாட்டிய. பெட்டி அதையும் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்."

இசக்கிராஜ் என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, எப்படியாவது திருப்புங்க."

எனக்குக் கை பரபரத்தது. காரை ரவுண்டானாவின் நடு மணலில் ஏற்றினேன். ஸ்டீயரிங்கை ஒடித்து மெதுவாக வட்டம் போட்டேன். சத்தமே இல்லை. வெண்ணெய் மாதிரி திரும்பியது. காவலாளி நாற்காலியோடு சுற்றி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி தாருக்கு வந்தேன். இறுகியது. எகிறியது. டக்.

"ஆகா!" என்று கத்தினேன். "மணல்ல சக்கரம் வழுக்கும். இறுக்கம் தானா வெளிய போயிரும். தாருல அதுக்கு வழியில்ல. நாலு சக்கரத்துல ஏதோ ஒண்ணு ஒத்துப்போகல!"

"அதுக்கு எதுக்குவே இம்புட்டுச் சந்தோசம்?" என்றான் மைதீன்.

அந்தச் சோதனையில் ரவுண்டானா இன்னொரு சுற்று பெரிதாகிவிட்டது. காவலாளி ஒரு விரலைக் காட்டினார். ஏர்போர்ட் கோபுரம் இப்போது கடுகளவு.

ஜாக்கி வைத்து இசக்கிராஜின் சக்கரத்தைத் தூக்கினேன். தரையை விட்டதும் அது டங்கென்று தானாக ஒரு உதறு உதறி இறுக்கத்தை விட்டது. மைதீன் ரோட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

வண்டியை இறக்கினேன். நான்கு டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். ஜெயசிங் நியூட்ரலில் போட்டுத் தள்ளினான். ஒவ்வொரு டயரும் ஒரு முழுச் சுற்று போய் நின்ற இடத்தில் தரையில் குறி வைத்தேன். மூன்று டயர்கள் ஒரே தூரம் போயிருந்தன. இசக்கிராஜின் டயர் மட்டும் ஒரு கட்டைவிரல் அகலம் தாண்டியிருந்தது.

"எல, டயர் மாத்துனியா?"

"கல்யாணம்லா அண்ணாச்சி? சட்டை புதுசு, செருப்பு புதுசு. டயர் மட்டும் பழசா இருந்தா என்ன நினைப்பாவ?"

"மத்த மூணும் தேஞ்சு கெடக்குலே. ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா மத்ததோட மல்லுக்கட்டிக்கிட்டேதான வரும்? பழசு எங்க?"

"பெட்டியில."

மைதீன் ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தான்.

"அதான் மாமனாருக்குப் பிடிச்சிருக்கு," என்றான் மைதீன். "அனுபவம் உள்ள மாப்ள."

புது டயரைத் தேய்க்க இரண்டு வழி உண்டு. ஓட்டலாம். அல்லது பட்ட பாட்டை அதனிடம் சொல்லலாம். ஓட்டுவதற்கு நேரமில்லை.

"சொல்லு," என்றேன். "இங்க வந்ததுல இருந்து சொல்லு."

இசக்கிராஜ் டயர் பக்கத்தில் குந்தினான். இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்த போனைத் தரையில் வைத்தான். "நல்லாருக்கேன்," என்றான்.

டயரில் ஒன்றும் நடக்கவில்லை.

"நம்பலலே அது."

அவன் தொண்டையைச் செருமினான். "ஸ்டோர் கீப்பர் வேலைன்னு கூட்டிட்டு வந்தாவ. ஹாலோ பிளாக் சுமந்தேன். ஊருக்கு அனுப்புன போட்டோல நிக்கது என் கார் இல்ல."

டயரிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் பொடி உதிர்ந்தது. நான் மைதீனின் தோளில் அடித்தேன்.

"ஒரு வெயில் காலம் முழுக்க ரூம்ல ஏசி இல்ல. ஈரத் துண்டப் போத்திக்கிட்டுப் படுப்போம். துண்டு காயுறதுக்குள்ள தூங்கிரணும்."

பொடி குவிந்தது.

"போன வருசம் போன் தொலஞ்சுபோச்சுன்னு சொன்னேம்லா. தொலயல. குடல்வால் ஆப்பரேசன்."

போனில் ஆவுடைச்செல்வி கேட்டாள். "வலிச்சுதா?"

"வலிச்சுது."

அந்தப் பதிலுக்கு மட்டும் ஒரு நீளப் பட்டையாக ரப்பர் உரிந்து விழுந்தது.

"கூட யாரு இருந்தா?"

"பின்னால எடது."

நான் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் இன்னும் சொன்னான். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். ஒரு இடத்தில் திட்டினாள். அதற்கும் கொஞ்சம் உதிர்ந்தது. மறுபடி கோடு போட்டு உருட்டினோம். நான்கு டயரும் ஒரே தூரத்தில் நின்றன. நான் குதித்தேன்.

"குதிக்காதீங்க," என்றார் காவலாளி. "மரமெல்லாம் மிரளுது."

ஏறினோம். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்தேன்.

சத்தமில்லை.

கார் வளைய வளைய ரவுண்டானா சுருங்கியது. பேரீச்சை மரங்கள் ஓடி வந்தன. பேங்க் வந்தது. வரிசை கலையவில்லை. கடைசியில் ரவுண்டானா ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு ஆனது. காவலாளி நாற்காலியை மடக்கிக்கொண்டு அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றார். ஏர்போர்ட் வந்து காரை உரசிக்கொண்டு நின்றது. விமானத்தின் படி சரியாக இசக்கிராஜின் கதவுக்கு நேராக இருந்தது.

"பெட்டிய மணவறையில இருந்து எறக்கியாச்சு," என்றாள் ஆவுடைச்செல்வி. "அப்பா மட்டும் அது பக்கத்துல உக்காந்திருக்காவ. சாப்பிட வரமாட்டேங்காவ."

"இந்தா வாரேன்," என்றான் இசக்கிராஜ். போனைக் காதில் வைத்தபடியே படியேறினான். மேலே போன பிறகும் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கை வீசிப் பேசினான்.

கதவு மூடியது. விமானம் போய்விட்டது.

"ரூமுக்குப் போவமா அண்ணாச்சி?" என்றான் ஜெயசிங்.

"பொறுலே," என்றேன்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரு சுற்று போனேன். சத்தம் வரவில்லை. அதைக் கேட்பதற்காக இன்னொரு சுற்று போனேன்.