எல்லாருக்கும் இடமுள்ள கார்

அந்த ஒரு கிழமையாக றஸ்னாவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், வாசலைப் பாதி கூட்டிவிட்டுப் போனைத் தூக்குவாள். போனில் ஒரே காட்சிதான். மலைக்கும் மலைக்கும் நடுவே ரயில் வளைந்து போகும். ஜன்னலோரத்தில் ஒரு புருசனும் பெண்சாதியும் தேயிலையைப் பார்த்தபடி இருப்பார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, அவர்கள்மேல் அவளுக்கு அப்படி ஒரு பொறாமை.

கல்முனைப் பக்கத்துக்கு ரயில் கிடையாது, தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடும். மருதமுனையில் பிறந்தவள் இன்னும் ரயிலில் ஏறவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது ரயில் மட்டுமில்லை. கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த புருசன் றுமைஸ் இந்தமுறை திரும்பிப் போகக்கூடாது, ஊரிலேயே கடை கண்ணி ஏதாவது போட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அதை அவனிடம் தனியாக இருந்து கேட்கவேண்டும்.

வீட்டில் எங்கே தனிமை? எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், பெண்ணைப் பெற்றவர்கள் முன்பக்கத்தை விட்டுக்கொடுத்துப் பின்னறைக்குப் போய்விடுவார்கள். பின்னறையில் உம்மா இருமினால் முன்னறையில் கேட்கும். போதாததற்கு, லீவில் வந்தவனைப் பார்க்கவென்று சனம் வந்த வண்ணம். இவள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து யாராவது கேற்றைத் தட்டுவார்கள்.

அதனால்தான் நுவரெலியாப் பயணக் கதை எழுந்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

“பதுளைக்கு பஸ்ஸில போவம். அங்கால ரெயின். நாம ரெண்டு பேரும் மட்டும்.”

“பஸ்ஸில இடிபட்டு, பிறகு ரெயின்ல தொங்கி, என்னத்துக்கு இந்தக் கரைச்சல்?” என்றான் றுமைஸ். “நம்மட கூட்டாளி றிம்சான்ட கார வாடகைக்கு எடுப்பம். நினைச்ச இடத்தில நிப்பாட்டலாம். நான்தானே ஓடுற.”

“கார் எண்டா ஆக்கள் ஏறுவாங்க.”

“ஏறினா ஏறட்டுமே. கார் எண்டா எல்லாருக்கும் இடமிரிக்கி.”

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு குணத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆளில்லாத சீற்றோடு ஒரு வாகனம் ஊர் எல்லையைத் தாண்டினால் இவர்களுக்குப் பொறுக்காது. அது பாவமென்று எந்தக் கிதாபிலும் இல்லை, ஆனாலும் பொறுக்காது. “சும்மா போற சீற்றுத்தானே” என்று மாமி ஏறுவார். மாமிக்குத் துணையாக மதினி ஏறுவாள். மதினியின் மடியில் பிள்ளை ஏறும், பிள்ளைக்காகப் பால்மாப் பேணி ஏறும், கடைசியில் டிக்கியில் காஸ் அடுப்பும் சோற்றுச் சட்டியும் ஏறும். ரயிலில் இந்தக் கூத்து நடக்காது. பதிந்தது இரண்டு சீற் என்றால் இரண்டுதான்.

றஸ்னா காதும் காதும் வைத்தாற்போல் போனிலேயே இரண்டு சீற் பதிந்து வைத்துவிட்டாள். கடைசி நேரத்தில் காட்டினால் மனம் இளகாமலா போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

சாய்ந்தமருதில் தன் உம்மா வீட்டுக்குப் போய்வந்த றுமைஸ், “உம்மாவும் வாறாவாம்” என்றான். அடுத்த நாள், “பஸ்னாவும் மகளும் வாறாங்களாம்.” அவனுடைய தங்கை பஸ்னாவும் வந்தால் கார் நிறைந்தது. றஸ்னாவுக்கு மாமியார் மைமூனாவின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிசிக்கு வேறு வேலையே இல்லையா, மகனும் மருமகளும் ஒரு நாள் தனியாகப் போனால் வானம் இடிந்து விழுந்துவிடுமா என்று உடுப்புக் கழுவுகிற கல்லில் றுமைஸின் சேர்ட்டை அடித்த அடியில் இரண்டு பொத்தான் பறந்தது.

அன்று பின்னேரமும் ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். “நாம ரெயின்லயே போனா என்ன?”

“பொறு புள்ள, கோல் ஒண்டு வருது” என்று அவன் எழுந்து போனான். போன் அடிக்கவே இல்லை. அதை அவள் கண்டாள், ஆனால் கோபமெல்லாம் மாமியின் பக்கமாக இருந்ததால் அதைப்பற்றி நினைக்கவில்லை.

புறப்படுகிற நாள் விடியச் சுபஹுத் தொழுத கையோடு மைமூனா ஆட்டோவில் வந்து இறங்கினார். குளிருக்கென்று காலில் இழுத்துவிட்ட மேசு, கழுத்தில் கம்பளி, முகத்தில் கடுகடுப்பு. பின்னால் பஸ்னா நித்திரை கலையாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

“எனக்கு இந்த மூட்டு வலியோட மலைக் குளிர் தேவையா மகள்?” என்று மைமூனா றஸ்னாவிடமே முறையிட்டார். “ஏலா ஏலா எண்டு எத்தினதரம் சொன்ன நான். விட்டானா உன்ட மாப்பிள்ள? ‘நீங்க வராட்டி நானும் போகல்ல’ எண்டு ஒரே நிலையா நிண்டான். பஸ்னாவையும் அவன்தான் கெஞ்சிக் கேட்ட.”

றஸ்னா தேத்தண்ணிக் கோப்பையை மாமியிடம் கொடுத்தாள். அடிக்காத போன் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

றுமைஸ் பெற்றோல் அடிக்கப் புறப்பட்டான். அவள் அபாயாவை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் முன்சீற்றில் ஏறினாள்.

“நீ என்னத்துக்கு? இந்தா வந்திருவன்.”

“சும்மா போற சீற்றுத்தானே” என்றாள்.

பெற்றோல் செட்டில் நீளமாக வரிசை. கண்ணாடியை ஏற்றிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“கையெழுத்து வெச்சிட்டீங்களா?”

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது.

“லீவுக்கு வாறத்துக்கு முந்தியே வெச்சிட்டன்” என்றான். “கத்தார்ல இன்னும் ரெண்டு வருசம்.”

“அப்ப இந்தக் கார்?”

“எப்புடிச் சொல்ற எண்டு தெரியல்ல புள்ள. ரெயின்ல முகத்துக்கு முகம் பாத்துட்டு இருந்தா நீ ‘போகவேணாம்’ எண்டு கேப்பாய். நீ கேட்டா எனக்கு ஏலா எண்டு சொல்ல வராது.”

போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டை பிடித்திருப்பாள், பிறகு அவனுடைய பெட்டியையும் அவளே அடுக்கிக் கொடுத்திருப்பாள். தன் பெண்சாதிக்குப் பயந்து ஒரு கார் நிறையக் காவலுக்கு ஆள் பிடித்தானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. பாவம் மாமி, ஒரு கிழமையாக வீணாகத் திட்டு வாங்கியிருக்கிறார்.

“ஏதாவது கதையன்” என்றான் றுமைஸ்.

“பெற்றோல அடிங்க. மாமி பாத்துட்டு இரிப்பா.”

வீட்டுக்கு வந்ததும் மாமியைக் கைபிடித்து முன்சீற்றில் இருத்தி, முழங்காலுக்குத் தலையணையும் வைத்தாள். தான் பின்னால் ஏறிப் பஸ்னாவின் மகளை மடியில் வாங்கிக்கொண்டாள். வழி நெடுக றுமைஸ் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாகக் கார் ஓட்டினான். அவள் பிள்ளையோடு மட்டும் கதைத்தாள்.

மலையேறிய பிறகு ஓரிடத்தில் ரயில் கேற் பூட்டியிருந்தது. கூவிக்கொண்டு ரயில் வந்தது. அவள் பதிந்த ரயில் அதுதானா என்று தெரியாது. ஜன்னலோரமாகச் சோடி சோடியாக ஆட்கள் இருந்தார்கள்.

“இந்தக் கோச்சியிலயா மகள் நீ போகணும் எண்டு நிண்ட?” என்றார் மைமூனா.

“ஓம் மாமி.” போனைத் திறந்து, பதிந்து வைத்திருந்த இரண்டு சீற்றையும் றுமைஸின் தோளுக்கு மேலால் நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான். திகதியையும் இரண்டு பேரின் பெயரையும் வாசித்தான். ரயிலின் கடைசிப் பெட்டியும் கடந்து போனது.

“உம்மா, கொஞ்சம் பின்னுக்குப் போறீங்களா?” என்றான். “றஸ்னா, நீ முன்னுக்கு வா.”

“எல்லாரும் ஏறின பிறகு முன்னுக்கு எங்க இடம்?” என்றாள் றஸ்னா. “கேற் திறந்தாச்சு. கார ஓடுங்க.”