இருபது எண்ணும் வரை

கொட்டகைக்குள் டிராக்டர் பனியில் ஊறிக் கிடந்தது. அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் குளிர் கம்பளிச் சட்டையையும் மீறி எலும்பைத் தொட்டது. செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மட்கார்டின் மேல் வைத்தாள். மறுமுனையில் அவள் கணவன், கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். எஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்லிவிடும் ஆள். பெண்டாட்டியின் மனசு மட்டும் அந்தக் காதுக்கு எட்டாது.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிப் போன வாரம் கம்பெனியில் அவனிடம் ஒப்பந்தக் காகிதம் நீட்டியிருந்தார்கள். இன்று மதியத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். "குளிர்ல வண்டியை நீயே கிளப்பிடுவேன்னா சொல்லு, போட்டுடறேன். மாடியையும் கட்டி முடிச்சிடலாம். முடியலைன்னா வந்துடறேன். விதைக்கிற நேரத்துல நிலத்தைச் சும்மா போட முடியாதில்ல" என்று சொல்லியிருந்தான். வருவதா வேண்டாமா என்று ஓர் இரும்புச் சாமானிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவாளி. வாங்க என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வந்திருப்பானோ என்னவோ. சொல்ல அவளுக்கு ரோஷம்.

உண்மையில் வண்டி ஒரு மாதமாக அவள் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது. சாவியைப் பாதி திருப்பி ஹீட்டர் குறியில் பிடித்து, இருபது எண்ணி, எஞ்சினுக்குள் சூடேறிய பிறகு முழுக்கத் திருப்பினால் ஒரே தட்டில் கிளம்பும். இதைப் பற்றி அவனிடம் அவள் மூச்சுவிடவில்லை.

இன்று ஹீட்டர் பக்கமே போகாமல் சாவியை நேராகத் திருப்பினாள். செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்து முனகியது. சைலன்சர் கொஞ்சம் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஓய்ந்தது.

"கிளம்பலைங்க."

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். மறுபடியும் முனகல்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது, வண்டியைப் பார்த்துத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா மாமியார் டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே கொட்டகை வாசலுக்கு வர வேண்டும்?

"நேத்து ஒரே தட்டுல கிளம்புச்சு. இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு இதுக்கு? தினமும் இருபது எண்ணுவியே, இன்னிக்கு எண்ணலையா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செல்போனைச் சுட்டிக்காட்டினாள். ஜாடை புரிந்தால் அது மாமியாரா? "எண்ணிட்டுப் போடு" என்று புத்தி சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள்.

அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும். அவளுக்கு முகம் சுட்டது. திட்டப் போகிறான். திட்டிவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுவான். கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் துவைத்த துணியை மடித்து வைத்து வைத்து, அது துணி வைக்கிற இடமாகவே ஆகிவிட்டது. இனி இன்னும் இரண்டு வருஷத்துத் துணி. அவளுக்கு மாடி வேண்டாம். அவன்தான் வேண்டும்.

"ஹீட்டர்ல பிடி" என்றான் கடைசியில். "நான் எண்ணுறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைப் பிடித்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அவன் ஒன்றிலிருந்து ஆரம்பித்து நிதானமாக எண்ணினான். பதினைந்துக்கு மேல் எண்ணிக்கை இன்னும் மெதுவாகிக்கொண்டே போனது. இருபது வந்ததும் அவள் சாவியைத் திருப்பப் போனாள்.

"இருபத்தொண்ணு" என்றான் அவன். "இருபத்திரெண்டு."

முப்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை. நாற்பதில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, போதும். இப்படியே பிடிச்சிட்டிருந்தா பேட்டரி இறங்கிடும். அப்புறம் வண்டி கிளம்பவே கிளம்பாது."

"இறங்கட்டும்" என்றான். "நீ கையை எடுக்காதே. நாப்பத்தொண்ணு."