கையில் எண்ணெய் படாத பிள்ளை

சண்டிலிப்பாயில் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு சிவகௌரி மாற்றலாகி வந்தபோது, எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் வாய் திறக்காத பிள்ளைகள். படிக்கக்கூடியவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் எல்லாரும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் பாஸாகி டவுன் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் தாங்கள் மிஞ்சியவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டே வகுப்பில் இருந்தார்கள். எளிய பொறிகள் பற்றிய பாடத்தை அவள் கரும்பலகையில் எழுதி, படம் கீறி, இரண்டு தரம் விளக்கினாள். கேள்வி கேட்டால் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பள்ளி விட்ட பிறகு, வாசலில் கஜானி என்ற பிள்ளை கழன்றுபோன சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டு நின்றாள். காலையில் பற்சில்லு என்றால் என்ன என்று கேட்டபோது எழும்பி நின்று அழுமாப்போல் பார்த்தவள் அவள்தான். இப்போது பெடலை ஒரு கையால் பின்னுக்குச் சுற்றி, மற்றக் கையால் செயினைப் பல்லில் ஏற்றிவிட்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். சிவகௌரி தன் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணாமல் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வீட்டுப் பின்பக்கம் கிடந்த கணவனின் பழைய சைக்கிளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வகுப்புக்கு நடுவில் நிறுத்தினாள்.

"இதைக் கழட்டுங்கோ பார்ப்பம்" என்றாள்.

"முழுக்கவோ ரீச்சர்?"

"ஓம், முழுக்க. பேந்து திரும்பப் பூட்டவும் வேணும்."

அந்தத் தவணை முழுக்க எட்டாம் வகுப்பில் மண்ணெண்ணெய் மணந்தது. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சோக்கால் அடையாளம் போட்டு எண்ணினார்கள். ஏன் அப்படி என்று சண்டை பிடித்தார்கள். பிறேக் கட்டை தேய்வது ஏன், மழைக்குள் பிடிக்காமல் வழுக்குவது ஏன் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனார்கள். டைனமோவைச் சுற்றி பல்ப் எரிந்த நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். வெள்ளைச் சட்டையில் கிறீஸ் பட்டதென்று இரண்டு தாய்மார் அதிபரிடம் வந்து முறையிட்டார்கள். சிவகௌரி அவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, பிள்ளைகளையே கூப்பிட்டு விளக்கச் சொன்னாள். கஜானி தன் தாய்க்கு முன்னால் நின்று சைக்கிளின் கணக்கைச் சொல்லச் சொல்ல, அந்த மனிசி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கேட்டாள். போகும்போது, "இவள் வீட்டிலை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டாள் ரீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

தவணைப் பரீட்சையில் புள்ளிகள் வானத்துக்கு ஏறவில்லை. கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளைகளாகிவிட்டார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த வருசம், மற்ற ஆசிரியர்களுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுக்கும்படி மானிப்பாயில் நடந்த ஒரு பயிற்சிக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

அது ஒரு சனிக்கிழமை. மகள் சாருஜாவுக்கும் மானிப்பாயில்தான் கணித ரியூசன் வகுப்பு. சாருஜா அப்போது டவுனில் பெரிய பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் ரியூட்டரி வாசலிலேயே நில், நான் வந்து ஏற்றுகிறேன் என்று தாய் சொல்லிவிட்டிருந்தாள்.

சிவகௌரி அன்றைக்கு நன்றாகக் கதைத்தாள். பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் என்றாள். பிழை விட இடம் கொடுங்கள் என்றாள். சோதனை, சோதனை என்று பயப்படுத்திப் படிப்பித்த பிள்ளைக்குச் சோதனை முடிந்த அடுத்த நாள் ஒன்றும் மிஞ்சாது என்றும் சொன்னாள். ஆசிரியர்கள் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் குருநகர்ப் பக்கம் படிப்பிக்கிற எமில்ராஜ் என்ற ஆசிரியர் எழும்பினார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ரீச்சர், எனக்கும் ரெண்டு பிள்ளையள். அதுதான் கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. உங்கடை பிள்ளையையும் உப்பிடித்தான் படிப்பிக்கிறியளோ?"

"ஓம்" என்றாள் சிவகௌரி. "வீட்டிலையும் உப்பிடித்தான்."

சொல்லி முடித்துத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கும்போதுதான் மண்டபத்தின் கடைசியில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாருஜா இருப்பதைக் கண்டாள். கணித சேர் அன்றைக்கு வகுப்பை நேரத்துக்கு முதலே விட்டிருக்கிறார். வாசலில் வெயிலாக இருக்கிறதென்று பிள்ளை இங்கே நடந்து வந்துவிட்டது.

திரும்பி வரும்போது சாருஜா ஸ்கூட்டியில் பின்னால் இருந்தாள். சிவகௌரி கண்ணாடியில் பார்த்தாள். சாருஜா கோபமாக இருக்கவில்லை. வழமையான முகத்தோடு தெருவோரத்து வாழைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுதான் தாய்க்குத் தாங்கவில்லை.

"எவ்வளவு நேரமாய் வந்து இருந்தனீ?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரந்தான்."

"அந்த சேர் கேட்டதைக் கேட்டனியோ?"

"ஓம். நீங்கள் அப்பிடித்தானே சொல்லவேணும் அம்மா. வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றாள் சாருஜா. தாயைக் காப்பாற்றுகிற மாதிரித்தான் சொன்னாள்.

ஒரு காலத்தில் அந்தப் பிள்ளை எதைக் கண்டாலும் கழற்றுகிற பிள்ளை. ஆறு வயதில் சுவர் மணிக்கூட்டைக் கழற்றித் திரும்பவும் பூட்டினாள். இரண்டு துண்டு மிஞ்சியது, ஆனாலும் மணிக்கூடு ஓடியது. தகப்பன் வாகீசன் அதை வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். நான்காம் வகுப்புக்கு வந்ததும் சிவகௌரி, மகள் கழற்ற எடுக்கிற திருப்புளியையும் குறட்டையும் அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். ஐந்தாம் வகுப்புச் சோதனை முடியட்டும் என்றாள். அது முடிந்து பெரிய பள்ளிக்குப் போனதும், அங்கே பிந்திவிடக் கூடாதே என்று இன்னும் இரண்டு வகுப்புக்கு அனுப்பினாள். விடியற்காலையில் ஒரு வகுப்பு, பள்ளி விட்டதும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை முழுநாள் வகுப்பு. வாகீசன் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார்.

"உம்மடை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு நீர் ஒரு மாதிரிச் செய்யிறீர். இவளுக்கு ஏன் இப்பிடி?"

"அந்தப் பிள்ளையளுக்கு இழக்க ஒண்டும் இல்லை. இவளுக்கு இருக்கு" என்று சிவகௌரி அப்போது சொன்னாள். சொன்னபோது அதில் பிழை இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. தன் வழியில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தன் பிள்ளையைப் பணயம் வைக்கிற அளவுக்கு இருக்கவில்லை.

அடுத்த வருசக் கடைசியில், பதினோராம் வகுப்பின் ஓ.எல். சோதனையும் முடிந்தது. எல்லாப் பாடத்துக்கும் ஏ வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெறுபேறு வருவதற்கு எத்தனையோ மாதம் கிடந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற ஏ.எல். சோதனைக்கான ரியூசன் வகுப்புகள் அடுத்த கிழமையே தொடங்கிவிடும். எந்தத் துறை என்று இப்போதே சொல்லியாக வேண்டும். சிவகௌரி அன்று பின்னேரம் மகளுக்குப் பக்கத்தில் வந்து கட்டிலில் இருந்தாள். இந்தத் தரம் தான் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

"உனக்கு எது விருப்பமோ அதை எடு பிள்ளை. நானும் அப்பாவும் ஒண்டும் சொல்லமாட்டம்."

சாருஜா தாயைப் பார்த்தாள். ஏதோ பொறி இருக்கிறது என்று நினைத்தவளைப் போலப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியேல்லை. நீங்களே சொல்லுங்கோ."

"உனக்குப் பிடிச்சது எண்டு ஏதாவது இருக்குமெல்லோ? யோசிச்சுப் பார்."

"யோசிச்சனான் அம்மா. எல்லாத்திலையும் ஒரே அளவுதான் மார்க்ஸ் வருது. அதை வைச்சுக் கண்டுபிடிக்கேலாமல் இருக்கு."

சிவகௌரி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. கறிவேப்பிலையை எடுத்துக் காம்பு வேறு இலை வேறாக உருவிக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை மகளைத் தன்னோடு சண்டிலிப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் சனிக்கிழமைகளிலும் வந்து சைக்கிள் திருத்தத் தொடங்கியிருந்தார்கள். கஜானி இப்போது பத்தாம் வகுப்பு. அவள்தான் சின்னவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பாள். சாருஜா மாமரத்துக்குக் கீழே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஜானி அவளிடம் ஒரு பின்சில்லைக் காட்டி, இதில் இருக்கிறதைவிடச் சின்னப் பற்சில்லுப் போட்டால் என்ன நடக்கும் அக்கா என்று கேட்டாள். சாருஜா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. விகிதத்தையும் சூத்திரத்தையும் புத்தகத்தில் இருக்கிறபடியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"அப்ப இந்தச் செயினை ஏத்திவிடுங்கோ அக்கா, ஓடிப் பார்ப்பம்" என்றாள் கஜானி.

சாருஜா குந்தி இருந்தாள். செயினை இரண்டு விரலால், சூடு பட்டுவிடும் என்பது போலத் தூக்கினாள். ஒரு பக்கம் ஏற்ற மற்றப் பக்கம் கழன்றது. திரும்பவும் ஏற்றினாள், கழன்றது. பெடலைப் பின்னுக்குச் சுற்றவேண்டும் என்று கஜானி மெதுவாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிழை விட்டால் சிரிக்கக் கூடாதென்று அவர்களுக்குப் பழக்கியவள் சிவகௌரிதான். சாருஜா நிமிர்ந்து தாயைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, இது ஏ.எல்லுக்கு வருமோ?"

"இல்லைப் பிள்ளை, வராது."

"அப்ப ஏன்?" என்றாள். அதில் எதிர்ப்பு இல்லை, களைப்பும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். பிறகு பைப்படிக்குப் போய் நகக்கண்ணில் இருந்த கறுப்புப் போகும்வரை சோப் போட்டுக் கழுவினாள். கழுவி முடித்தபின்னும் கையை மணந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சிவகௌரி மதியச் சாப்பாட்டையும் போடாமல் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"கொஞ்ச நாளைக்கு ரியூசனை விடுவம். பள்ளிக்கூடம் தொடங்கினாப் பிறகு அங்கை மட்டும் போ. மற்ற நேரம் உனக்குப் பிடிச்சதைச் செய். வாசி, இல்லாட்டிச் சும்மா இரு. எது எண்டு தெரியிற நேரம் தெரியட்டும்."

சாருஜாவின் முகம் மாறியது. அன்று மண்டபத்திலும், ஸ்கூட்டியிலும், மாமரத்தடியிலும் மாறாத முகத்தில் இப்போது பயம் தெரிந்தது.

"அம்மா, அப்பிடிச் செய்யாதேங்கோ. பயோ வகுப்பு திங்கட்கிழமை தொடங்குது. என்னோடை படிச்ச எல்லாரும் அதுக்குத்தான் பேர் குடுத்திட்டினம்."

"நீ ஒருத்தரிட்டையும் போகாமல் படிக்கக்கூடிய பிள்ளை."

"இல்லை." பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். "சேர் சொல்லாமல் எனக்கு எங்கையிருந்து தொடங்கிறது எண்டே தெரியாது. நீங்கள் என்னை அப்பிடித்தானே பழக்கினனீங்கள். இப்ப விடுங்கோ எண்டால் நான் என்ன செய்யிறது?"

வாகீசன் வாசலில் வந்து நின்றார். மகளின் தலையைத் தடவினார். மனைவியைப் பார்க்கவில்லை. சிவகௌரி, "சரி, அழாதை. போ. திங்கட்கிழமை நான் கொண்டுபோய் விடுறன்" என்றாள்.

திங்கட்கிழமை விடிய முதலே ரியூட்டரித் தெருவில் சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும் நிறைந்துவிட்டன. சாருஜா முன்வரிசையில் இடம் பிடிக்க ஓடினாள். ஓடிய வேகத்தைப் பார்க்கவே மகளுக்கு நிம்மதி என்பது தெரிந்தது. சிவகௌரி திரும்பப் போகும்போது, நான்காம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையை ஸ்கூட்டியில் முன்னுக்கு நிறுத்திக்கொண்டு ஒரு இளம் தாய் வழிமறித்தாள். பெயர் மகாதேவி, இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள். பக்கத்தில் ஐந்தாம் வகுப்புச் சோதனைக்கு ஒரு வகுப்புத் தொடங்குகிறதாம், சேர்க்க வந்திருக்கிறாள்.

"ரீச்சர், உங்கடை சாருஜாவை அந்த நேரம் எந்த சேரிட்டை விட்டனீங்கள்?"

முன்னுக்கு நின்ற பிள்ளை ஸ்கூட்டியின் பிறேக் கம்பியைப் பிடித்து இழுத்து, அது எங்கே போகிறதென்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகாதேவி அவளுடைய கையைத் தட்டிவிட்டாள்.

"அவசரப்படாதேங்கோ" என்றாள் சிவகௌரி. "சின்னப் பிள்ளை. விளையாட விடுங்கோ. எல்லாத்தையும் தொட்டுப் பார்க்க விடுங்கோ."

மகாதேவி சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை.

"உங்கடை பிள்ளை சோதனை பாஸ் பண்ணிப் பெரிய பள்ளிக்குப் போனாப் பிறகு நீங்கள் உப்பிடிச் சொல்லலாம் ரீச்சர். நாங்கள் சொல்லேலுமோ? பேரைச் சொல்லுங்கோவன்."

என்ன சொன்னால் இவள் நம்புவாள் என்று சிவகௌரி யோசித்தாள். மண்டபம் நிறைய ஆசிரியர்களை நம்பவைத்த அவ்வளவு வார்த்தைகளும் அவளிடம் இருந்தன. உள்ளே இருக்கிற மகளைக் கூப்பிட்டு, பார் இவளை என்று காட்டினாலும் இந்த மனிசிக்குத் தெரியப்போவது கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுதான். பின்னால் ஆரோ ஹோர்ன் அடித்தார்கள். மகாதேவி காத்துக்கொண்டு நின்றாள்.

சிவகௌரி அந்த சேரின் பெயரைச் சொன்னாள்.